எந்த எண்ணெயில் தோய்ப்பது?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்

ஹார்டனிங் என்றால் என்ன என்று ஐந்து மார்க் கேள்வி வந்தால் நாம் எல்லோருமே எழுதிவிடுவோம். எஃகைக் கிரிட்டிகல் டெம்பரேச்சருக்கு மேலே சூடாக்கி, தண்ணீரிலோ எண்ணெயிலோ வேகமாகக் குளிர வைத்தால் ஆஸ்டினைட் மார்ட்டன்சைட்டாக மாறும். ஒரு படம், ஒரு வளைகோடு, ஐந்து மார்க். "எண்ணெயிலோ என்கிறீர்களே சார், எந்த எண்ணெயில்?" என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டவர் என் தாய்மாமா. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். அரிவாள் என்றால் எல்லோரும் திருப்பாச்சேத்தியைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் பேர் இல்லாத பட்டறைகள் எத்தனையோ உண்டு. மாமாவுடையது அதில் ஒன்று.

"ஏன் மாப்ள, நீதான் இரும்பப் பத்திப் படிக்கிறியே. எந்த எண்ணெயில தோய்ச்சா கத்தி வெடிக்காம, மடங்காம இருக்கும்? சொல்லு பார்ப்போம்" என்றார்.

சும்மா வாய் வார்த்தைக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. பட்டறைக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்துகொண்டிருந்த நேரம். அரிவாள் பத்து அடித்தால் ஒன்றோ இரண்டோ தோய்ச்சலில் வெடித்துவிடும். தண்ணீரில் விட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் மாமா ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைப்பார். கரி போச்சு, பட்டை போச்சு, அவரும் அவர் மகனும் சம்மட்டி அடித்த அரை நாள் போச்சு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கறிக்கடை பாய். வருஷா வருஷம் பக்ரீத்துக்கு முன்னால் ஒரு டஜன் கறிக்கத்தி எடுப்பவர். "ஆசாரி, போன தடவை கொடுத்த கத்தி எலும்புல லேசா பட்டாலே வாய் மடங்குது. டவுன்ல ஸ்டீல் கத்தி வாங்கிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு டஜன் கத்திக் காசில்தான் மாமா வீட்டில் பள்ளிக்கூடச் செலவு நடக்கும்.

நான் முதலில் செய்தது, பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்ததுதான். மாமாவிடம் இரண்டு தோய்ச்சல் இருந்தது. ஒன்று தண்ணீர்த் தொட்டி. இன்னொன்று ஒரு தகர டின்னில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் வாங்கி வந்த கழிவு ஆயில். பெரிய சாமான் எல்லாம் தண்ணீருக்கு, மெல்லிய சாமான் எல்லாம் கழிவு ஆயிலுக்கு. கனமானதுக்குச் சூடு அதிகம், அதனால் தண்ணீர் வேண்டும். மெல்லியது தண்ணீரில் கோணிக்கொள்ளும், அதனால் எண்ணெய். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்துக் கற்றவர் இப்படித்தான் பிரிப்பார். நாம் பட்டறையில் பிறந்திருந்தாலும் இப்படித்தான் பிரித்திருப்போம்.

ஆனால் அரிவாள் எதில் அடிக்கிறார்? லாரிப் பட்டையில். அதாவது லீஃப் ஸ்பிரிங். கறிக்கத்தி எதில்? தேய்ந்த பழைய அரத்தில். இரண்டும் கார்பன் உள்ள எஃகுதான். கிரைண்டரில் பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்; அரத்தில் பூ மாதிரி வெடித்துச் சிதறும் பொறி பட்டையில் அவ்வளவு வராது. மாமாவுக்கும் இது தெரியும். ஆனால் பொறி வேறாக இருந்தால் தோய்ச்சலும் வேறாக இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இங்கேதான் நம் பாடப் புத்தகத்து வளைகோடு வருகிறது. 1930-ல் அமெரிக்காவில் டேவன்போர்ட், பெயின் என்று இரண்டு பேர் வெளியிட்ட டி.டி.டி. வரைபடம். எஸ் கர்வ், சி கர்வ் என்று நாம் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி போட்டுப் பழகுவோமே, அதேதான். அதில் மூக்கு மாதிரி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இடம் சுமார் 550 டிகிரியில் இருக்கும். குளிரும் கோடு அந்த மூக்கைத் தொடாமல் கீழே இறங்கினால் மார்ட்டன்சைட். தொட்டுவிட்டால் பியர்லைட், அதாவது மெத்து. மாங்கனீசு, குரோமியம் எதுவும் அதிகம் இல்லாத சாதா கார்பன் எஃகில் அந்த மூக்கைத் தாண்ட நமக்குக் கிடைப்பது ஒரு செகண்டு, அதற்கும் குறைவு. அரம் அந்த ஜாதி. லாரிப் பட்டையில் சிலிக்கனோ குரோமியமோ மாங்கனீசோடு கலந்திருப்பதால் மூக்கு வலப்பக்கம் தள்ளிப் போய்விடும். சாவகாசமாகக் குளிர்ந்தாலும் கடினமாகிவிடும்.

ஆக மாமாவின் பட்டறையில் நடந்தது நேர் தலைகீழ். அவசரமே தேவைப்படாத பட்டை தண்ணீரில் போனது. ஒரு செகண்டு கூடப் பொறுக்காத அரம், ஆறிப்போன கெட்டிக் கழிவு ஆயிலில் போனது. முன்னது வெடித்தது, பின்னது மடங்கியது.

வெடிப்பதற்குக் காரணம் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால்தான் எண்ணெய் எதற்கு என்பது புரியும். ஆஸ்டினைட் மார்ட்டன்சைட்டாக மாறும்போது எஃகு சுருங்குவதில்லை, பெருக்கிறது. கன அளவில் ஏறக்குறைய 4 சதவீதம் வரை. 0.8 சதவீதம் கார்பன் உள்ள எஃகில் இந்த மாற்றம் 220 டிகிரி வாக்கில்தான் ஆரம்பிக்கும். அந்த இடத்தில் மெதுவாகப் போனால் உள்ளும் புறமும் சேர்ந்தாற்போல் மாறும். தண்ணீர் என்ன செய்கிறது? மேலே 550-லும் வேகம், கீழே 200-லும் வேகம். தோல் மாறி விறைத்த பிறகு உள்ளே இருப்பது பெருக்கப் பார்க்கிறது. 'டிக்'! நமக்கு வேண்டியது மேலே அவசரமாகவும் கீழே நிதானமாகவும் குளிர்விக்கும் ஒரு திரவம். நல்ல எண்ணெய் என்பது இந்தக் குணம் உள்ளது. கொதிக்கும் கட்டம் மேலேயே முடிந்து, 300-க்குக் கீழே வெறும் சூட்டு நீரோட்டத்தில் மெல்ல இறங்க வேண்டும்.

சூடான இரும்பு எந்தத் திரவத்தில் விழுந்தாலும் மூன்று கட்டம். முதலில் ஆவிப் போர்வை சுற்றிக்கொள்ளும். போர்வைக்குள் இரும்பு சுகமாக இருக்கும், குளிராது. பிறகு போர்வை கிழிந்து திரவம் நேராகப் பட்டுக் கொதிக்கும். குளிர்ச்சி எல்லாம் இங்கேதான். கடைசியில் கொதி அடங்கி நீரோட்டம். எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் என்பது பெரும்பாலும் இந்தப் போர்வை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான்.

கம்பெனிகளில் இதை அளக்க ஒரு வேடிக்கையான முறை உண்டு. 22 மில்லிமீட்டர் நிக்கல் குண்டு ஒன்றை 885 டிகிரிக்குச் சூடாக்கி எண்ணெயில் போடுவார்கள். நிக்கல் 354 டிகிரிக்கு இறங்கியதும் காந்தத்துக்கு மறுபடி ஒட்டும். ஒட்ட எத்தனை செகண்டு? 7 முதல் 9 என்றால் வேகமான எண்ணெய். 11-லிருந்து 14 வரை நடுத்தரம். அதற்கு மேலே மந்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 354-க்குக் கீழே, வெடிப்பு நடக்கிற இடத்தில், அந்த எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்று இந்தக் குண்டு சொல்லாது. அதற்குத்தான் ஐ.எஸ்.ஓ. 9950 என்ற முறை. 12.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இன்கோனல் தண்டின் நடுவில் தெர்மோகப்பிள் வைத்து 850-லிருந்து முழு வளைகோட்டையும் எடுத்துவிடுவார்கள். நம் லேபில் இன்கோனலும் கிடையாது, நிக்கல் குண்டும் கிடையாது. அதனால் நாங்கள் கத்தியையே குண்டாக வைத்துக்கொண்டோம்.

லேப் சாரிடம் கேட்டு, எஸ்.ஓ.எம். லேபில் ராக்வெல் மெஷினை இரண்டு மாலை வாங்கிக்கொண்டோம். ஒரே அரத்திலிருந்து வெட்டிய துண்டுகள், ஒரே பட்டையிலிருந்து வெட்டிய துண்டுகள். மாமா சூடேற்றினார். அவர் கண்தான் பைரோமீட்டர். அதற்குத் துணையாகக் காந்தம் ஒன்று. ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் சூடு. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். துண்டின் மேல் ஒரு சிட்டிகை தூவினால் உருகி வழிகிற இடம்தான் நமக்கு வேண்டிய இடம். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "உப்புப் போட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னான்" என்றார்.

பட்டைத் துண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த எண்ணெயில் போட்டாலும், கழிவு ஆயிலில் போட்டாலும்கூட, நன்றாகவே கடினமாயின. அரத் துண்டுகளில்தான் கதை. ஆறிய கழிவு ஆயிலில் தோய்த்தது ராக்வெல் சி அளவில் நாற்பதைக் கொஞ்சம்தான் தாண்டியது. பாய் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அது கத்தியே இல்லை. அதே துண்டு சூடு பண்ணிய கடலை எண்ணெயில் அறுபதைத் தாண்டியது. வெடிப்பும் இல்லை.

சூடு பண்ணிய என்று சொன்னேன், கவனித்தீர்களா? எண்ணெயைச் சூடாக்கினால் மெதுவாகத்தானே குளிரும் என்று என் ரூம்மேட் சண்டைக்கு வந்தான். தண்ணீருக்கு அது சரி. எண்ணெய்க்கு விஸ்காசிட்டி இருக்கிறதே! 30 டிகிரியில் இருக்கும் கடலை எண்ணெய் 60 டிகிரிக்கு வந்தால் அதன் கெட்டித்தன்மை பாதிக்கும் கீழே போய்விடும். இளகிய எண்ணெய் கத்தியைச் சுற்றி ஓடும், சூட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துகொடுக்கும். 50-லிருந்து 60 டிகிரி போதும். ஒரு துண்டு இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் விட்டுக் கலக்கிவிட்டால் வேலை முடிந்தது. கெட்டி எண்ணெய் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க விளக்கெண்ணெயிலும் ஒரு துண்டு போட்டோம். பாட்டி காலத்து மருந்துக்கு அது நல்லது, கத்திக்கு வேண்டாம்.

சமையல் எண்ணெய்க்கு இன்னொரு பெரிய நன்மை, அந்த ஆவிப் போர்வை ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது. தாவர எண்ணெய் மினரல் ஆயில் மாதிரி எளிதில் கொதித்து ஆவியாவதில்லை. போட்ட உடனே நேரடியாகச் சூட்டை வாங்க ஆரம்பித்துவிடும். ஃபிளாஷ் பாயிண்டும் 300-க்கு மேலே. வெளிநாட்டில் வீட்டுக் கொல்லையில் கத்தி செய்கிறவர்கள் கனோலா எண்ணெய் என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அது கடுகு ஜாதிச் செடியின் எண்ணெய். நமக்குக் கடலை எண்ணெய் இருக்கிறது. அதைவிட மலிவாக ரேஷன் பாமாயில் இருக்கிறது. மதுரைச் சீமை வெயிலில் பாமாயில் உறையுமோ என்ற கவலையே வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. தாவர எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கும், நாளாக ஆகப் பிசின் மாதிரி கெட்டியாகும், வேகம் குறையும். தினம் நூறு சாமான் தோய்க்கும் கம்பெனிக்கு இது சரிப்படாது. அதற்காகவே செய்யப்பட்ட குவென்ச்சிங் ஆயில்கள் இருக்கின்றன. இந்தியன் ஆயிலின் சர்வோ வரிசையில் உண்டு, எச்.பி. வரிசையில் உண்டு. வேகத்துக்கென்று ஒன்று, நிதானத்துக்கென்று ஒன்று என்று பிரித்தே விற்கிறார்கள். ஆக்சிடேஷன் ஆகாமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். வாங்க முடிந்தால் அதுதான் முதல் தேர்வு, சந்தேகமே வேண்டாம். ஆனால் 210 லிட்டர் பேரலை வாங்கி மாமா என்ன செய்வார்? குளிப்பாரா?

கழிவு ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லை, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஓசியில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை. இஞ்சினுக்கு இஞ்சின் வேறு எண்ணெய், எவ்வளவு டீசல் கலந்திருக்கிறது, எவ்வளவு கரி, எவ்வளவு தண்ணீர் ஒன்றும் தெரியாது. இன்று வந்த கத்தி மாதிரி நாளை வராது. அதைவிட முக்கியம் அந்தப் புகை. இஞ்சினில் எரிந்து மிஞ்சிய உலோகத் தூளும், புற்றுநோய் தரக்கூடிய ஹைட்ரோகார்பன்களும் அதில் இருக்கும். பழுத்த இரும்பை உள்ளே விட்டதும் எழும்பும் கரும்புகையை மாமா இருபது வருஷத்துக்கு மேலாக, குனிந்து, முகத்துக்கு நேரே வாங்கியிருக்கிறார். அவர் இருமலுக்கு அத்தை பீடியைத்தான் திட்டுவார். பீடிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோய்ச்சல் போட்ட அன்றைக்கு ராத்திரி இருமல் அதிகமாக இருக்கும் என்று அத்தையே சொன்னார். சில பட்டறைகளில் கழிவு ஆயில் கெட்டியாக இருக்கிறது என்று டீசலை ஊற்றி இளக்குகிறார்கள். டீசல் எவ்வளவு குறைந்த சூட்டில் தீப்பிடிக்கும் என்று நமக்குத் தெரியும். அது தோய்ச்சல் இல்லை, தீக்குளிப்பு.

அடுத்தது எவ்வளவு எண்ணெய் என்பது. இதற்கு ரெண்டு நிமிஷக் கணக்கு போதும். கால் கிலோ கத்தி 800 டிகிரியிலிருந்து 60-க்கு இறங்குகிறது. எஃகின் ஸ்பெசிஃபிக் ஹீட் அந்தச் சூட்டில் கூடுதலாக இருப்பதால் சராசரியாக 0.65 என்று வைத்துக்கொண்டால், 0.25 பெருக்கல் 0.65 பெருக்கல் 740. ஏறக்குறைய 120 கிலோ ஜூல். நாலு லிட்டர் எண்ணெய் 3.6 கிலோ இருக்கும், ஸ்பெசிஃபிக் ஹீட் சுமார் 2. அது 17 டிகிரி சூடேறும். பரவாயில்லை. ஒரு லிட்டரில் தோய்த்தால் 67 டிகிரி ஏறிவிடும். இரண்டாவது கத்திக்கு எண்ணெய் கையைச் சுட்டுவிடும், மூன்றாவதற்குப் புகையும். கிலோவுக்கு எட்டு லிட்டர் என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். கத்தியை ஒன்றன்பின் ஒன்றாகத் தோய்க்கும் பட்டறைக்கு அதற்கும் மேலே இருந்தால் நல்லது. மாமாவுக்குப் பதினைந்து லிட்டர் டின் என்று முடிவானது.

அத்தைதான் எதிர்க்கட்சி. "பதினஞ்சு லிட்டர் எண்ணெயா? இந்த வீட்டுல தீபாவளிக்குக்கூட நான் ரெண்டு லிட்டர்ல முடிக்கிறேன். இரும்புக்குப் பலகாரம் சுடப் போறீகளா?" நியாயமான கேள்வி. கடைசியில், பலகாரக் கடையில் சுட்டு மிஞ்சிய எண்ணெயை மலிவாக வாங்கினோம். கறுத்துப்போய், அடியில் மாவும் தூளும் கிடந்தது. துணியில் வடிகட்டி, நீர்ச்சத்து போக நிதானமாகக் காய்ச்சி எடுத்தோம். புது எண்ணெய் அளவுக்கு வராது, கொஞ்சம் கெட்டி. ஆனால் 60 டிகிரியில் அரத் துண்டை அது கடினமாக்கியது. மாமா ராக்வெல்லை நம்பவில்லை. புது அரத்தை எடுத்துத் துண்டின் மேல் இழுத்தார். கடிக்காமல் கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் யாரும் விளையாடாதீர்கள். எண்ணெய் டின்னில் தண்ணீர் இறங்கியிருந்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழுத்த கத்தி பட்டதும் நீராவியாகி எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கிப் பாருங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. பிளாஸ்டிக் வாளி கூடாது. டின்னுக்குப் பொருத்தமான இரும்பு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; தீப்பிடித்தால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கத்தியைப் பாதி முக்கி வேடிக்கை பார்க்கக் கூடாது. எண்ணெய் மட்டத்தில் பழுத்த இரும்பு நின்றால் அங்கேதான் தீப்பிடிக்கும். முழுக்க இறக்கி, மேலும் கீழுமாக, கத்தி வாய் வெட்டுகிற திசையில் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து வில்லாக வளையும். வளைந்தாலும் பயமில்லை, 220 டிகிரிக்கு வருவதற்குள் வெளியே எடுத்தால் அது இன்னும் ஆஸ்டினைட்தான், தடித்த கையுறையோடு நிமிர்த்திவிடலாம். மாமா இதைப் பல வருஷமாகச் செய்துவருகிறார், பேர் மட்டும் தெரியாது.

தோய்ச்சலோடு வேலை முடியவில்லை. அப்படியே விட்டால் கீழே விழுந்தால் உடையும். 200 டிகிரியில் ஒரு மணி நேரமாக இரண்டு தடவை வைத்து எடுப்பது புத்தக முறை. மாமா கத்தியின் முதுகில் சூடு காட்டி, வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம் ஓடி வந்ததும் நிறுத்திவிடுவார். கறிக்கத்திக்கு வைக்கோல், அரிவாளுக்கு இன்னும் கொஞ்சம் கருஞ்சிவப்புப் பக்கம். இதில் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணுக்கு என் புத்தகம் ஈடில்லை.

இப்போது பட்டறையில் அரிவாள், கறிக்கத்தி எல்லாமே அந்த ஒரே டின்னில்தான் போகிறது. பட்டைக்கு எண்ணெயைச் சூடு பண்ணாமலே தோய்க்கிறார், அதுவே போதும். அரத்துக்கு மட்டும் பழுத்த துண்டை விட்டுச் சூடாக்குகிறார். தண்ணீர்த் தொட்டி குறடு ஆற வைக்க மட்டும். புகை இன்னும் வருகிறது, அது வெள்ளையாக, வடை வாசனையோடு வருகிறது. அதுவும் புகைதான் என்பதால் தோய்ச்சலைக் கூரைக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். வெயிலில் நிறம் தெரியாது என்கிறார். அதனால் சாயங்காலம் இருட்டிய பிறகுதான் தோய்ச்சல்.

பாய்க்கு மூன்று கத்தி மட்டும் காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார். எட்டு நாள் கழித்து அவர் கடைப் பையன் சைக்கிளில் வந்து மீதி ஒன்பதுக்குச் சொல்லிவிட்டுப் போனான். எண்ணெய் ஆறு மாதத்தில் எவ்வளவு கெட்டியாகிறது, எப்போது மாற்ற வேண்டும் என்பதை மாதம் ஒரு அரத் துண்டு தோய்த்துப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவருகிறோம். டின்னின் மேல் அத்தை சுண்ணாம்பால் பெரிதாக 'சமையலுக்கு அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறார்.